பகல் வெயில் இல்லை... ராத்திரி சூடுதான் வில்லன்! சமவெளியில் உருளைக்கிழங்கு விளையுமா?

போண்டா, மசால் தோசை, பொரியல் என்று உருளைக்கிழங்கு இல்லாமல் நம்ம ஊரில் பொழுது போகாது. ஆனால் தமிழ்நாட்டில் இது முக்கியமாக விளைவது நீலகிரி, கொடைக்கானல் மலைகளில்தான். மீதிக்கு வடமாநில லாரிகளை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே விலை எகிறுகிறது.

2020 அக்டோபரில் நாடு முழுக்க விலை ஏறியபோது, பூடானில் இருந்து லைசென்சு இல்லாமல் உருளைக்கிழங்கு இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

சரி, சமவெளியிலேயே பயிர் செய்தால் என்ன?

கோலிக்குண்டு கிழங்கு

பகல் வெயிலை இந்தச் செடி ஓரளவு தாங்கிவிடும். ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் சாதாரண ரகங்கள் ஒழுங்காகக் கிழங்கு வைக்கும். ராத்திரியும் சூடாக இருந்தால், பகலில் இலை சேர்த்த சத்தில் பெரும்பகுதியைச் செடியே செலவழித்துவிடும். மேலே தழை தளதளவென்று நிற்கும். தோண்டினால் கோலிக்குண்டு சைசில் நாலு கிழங்கு! சென்னையில் தை மாதத்தில்கூட ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது.

வந்தது 'சூர்யா'

இதற்காக சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006-ல் வெளியிட்ட ரகம்தான் 'குஃப்ரி சூர்யா'. குஃப்ரி என்பது சிம்லா பக்கத்து மலை ஊர். ராத்திரி 20 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலும் இது கிழங்கு வைக்கும். தத்துப்பூச்சித் தாக்குதலையும் தாங்கும். குளிர் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே நடலாம். பிறகு 'குஃப்ரி லிமா' என்ற ரகமும் வந்தது. ஆனால் எந்தச் சூட்டையும் தாங்கும் என்று நினைத்தால் தப்பு. சித்திரை வெயிலில் நட்டால் கைக்காசு போய்விடும்.

விதைதான் சிக்கல்

ரகம் வந்தாச்சு, அப்புறம் என்ன தயக்கம்? இங்கேதான் விவசாயிக்கு இடிக்கிறது. ஒரு ஏக்கருக்கு 800 கிலோ முதல் 1 டன் வரை விதைக்கிழங்கு வேண்டும். செலவில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். சூடான ஊரில் விளைந்த கிழங்கையே விதையாக எடுத்து வைக்கவும் முடியாது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் கிழங்குக்குள்ளேயே தங்கி, நட நட விளைச்சலைக் குறைத்துவிடும். அதனால் நல்ல விதைக்குக் குளிர்ப் பிரதேசத்தைத்தான் தேடிப்போக வேண்டும். அதைக் கெடாமல் வைக்கக் குளிர்பதனக் கிடங்கும் வேண்டும்.

வெயில் தாங்கும் ரகம் பாதிக் கிணறுதான். சுத்தமான விதை நியாய விலைக்குக் கைக்கு வந்தால்தான் விவசாயி துணிந்து நடுவார். அதுவரை போண்டா சைசு வடக்கே இருந்து வரும் லாரியின் கையில்தான்!