வில்லங்கம் பார்த்து மாற்றுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் ஒரு மனை வாங்கப் போனால் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது என்ன? "மூலப்பத்திரம் இருக்கா? வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, யாரிடமிருந்து யாருக்கு, எப்போது கைமாறியது என்பதும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இதே நியாயம்தான் என்பது என் கருத்து.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ-நிசான். இந்தத் தொழில் வட்டாரத்துக்கு நம்மில் பலரைவிட வயசு அதிகம். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிற நம் கைக்கு வரப்போவது பெரும்பாலும் யாரோ எழுதி, பலர் திருத்திய பழைய புரோகிராம்தான். அந்தத் திருத்தங்களைத் தேதி, பெயர், காரணத்தோடு பதிந்து வைக்கத்தான் முன்பு சி.வி.எஸ்., பிறகு சப்வெர்ஷன், 2005 முதல் கிட் என்று மென்பொருள்கள் வந்தன.

பழையதிலிருந்து கிட்டுக்கு மாறும்போது, "கடைசி காப்பியை மட்டும் போடுப்பா, போதும்" என்பார்கள். போதவே போதாது! உதாரணமாக, ஒரு டைமரில் இரண்டு விநாடியை ஏன் மூன்றாக்கினார்கள் என்ற காரணம் பழைய பதிவில்தான் இருக்கும். அது தொலைந்தால், அடுத்து வருகிறவர் மூன்றை மறுபடி இரண்டாக்குவார்; பழைய கோளாறும் மறுபடி வரும்.

மாற்றித் தருகிற கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சி.வி.எஸ். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகத்தான் வரலாறு வைத்திருக்கும். எந்தெந்தத் திருத்தங்கள் சேர்த்துச் செய்யப்பட்டவை என்பதை ஒரே ஆள், ஒரே குறிப்பு, அடுத்தடுத்த நேரம் என்று பார்த்துக் கருவி ஊகிக்கத்தான் வேண்டும். சப்வெர்ஷனிலோ கிளை என்பது நகலெடுத்த ஃபோல்டர்தான். ஊகம் தப்பினால் வரலாறே தப்பு.

1987-இல் வெளிவந்த ஜி.சி.சி. கம்பைலர், 2020 ஜனவரியில்தான் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியது. அதற்குமுன் பல ஆண்டுகள் கருவிகளைச் சரிசெய்து, ஒத்திகை பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஆகவே நண்பர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் பழைய களஞ்சியத்தை முழுதாக நகலெடுங்கள். மாற்றியபின் ஒவ்வொரு கிளையையும், ஒவ்வொரு வெளியீட்டையும் இரண்டிலிருந்தும் எடுத்து, ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினாலும் பழையதை அழிக்காதீர்கள். புதுப் பட்டா வந்ததும் மூலப்பத்திரத்தை யாராவது அடுப்பில் போடுவார்களா?

கம்ப்யூட்டர் பிரிவுக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்கும் இதை ஆய்வகத்திலேயே சொல்லித்தர வேண்டும். நாளை அந்த மெஷின் முன்னால் நிற்கப்போவது அவர்கள்தானே!