பிரசங்கிக்கு மேடை, ஆசிரியருக்கு அரைநாள்

2024 ஆகஸ்ட் 28ஆம் தேதி சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் நடந்தது ஒரு மதப் பிரசங்கம். பரம்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்த மகாவிஷ்ணு மாணவிகளிடம் பாவ புண்ணியம் பற்றியும் முற்பிறவி பற்றியும் பேசினார். கை கால் இன்றிப் பிறப்பதும், பார்வையின்றிப் பிறப்பதும், ஏழை வீட்டில் பிறப்பதும் போன பிறவியில் செய்த வினையின் பலன் என்பது அந்தப் பேச்சின் சாரம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் பார்வை மாற்றுத்திறனாளி. அவர்தான் எழுந்து, அரசுப் பள்ளியில் இப்படிப் பேசலாமா என்று தட்டிக் கேட்டார். வந்தவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆசிரியரோடு மல்லுக்கு நின்றார். சைதாப்பேட்டை அரசு மாதிரிப் பள்ளியிலும் இதே நபர் பேசியிருக்கிறார்.

ஆசிரியர் தின வாரத்தில் காணொலி வெளியே வந்தது. அதன் பிறகு நடந்தவை வேகமானவை. பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பள்ளிக்கே சென்று அந்தத் தமிழாசிரியருக்குச் சால்வை போர்த்தினார். இரண்டு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் வேறு மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி வெளிநாட்டிலிருந்து திரும்பிய பேச்சாளர் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டுக் கைதானார். இத்தோடு கணக்கு முடிந்தது என்று பள்ளிக் கல்வித் துறை நினைக்குமானால், அந்த நினைப்பைத்தான் நாம் முதலில் கண்டிக்கிறோம்.

இடமாற்றம் என்பது தண்டனையா? சென்னைக் குழந்தைகளுக்குத் தகுதியில்லை என்று துறையே முடிவுகட்டிய தலைமை ஆசிரியர், அடுத்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு மட்டும் எப்படித் தகுதியாவார்? தகுதியானவர்தான் என்றால் ஏன் மாற்றினார்கள்? நகரத்தில் தவறு செய்தவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் இந்தப் பழக்கம், கிராமத்துப் பள்ளியைக் குப்பை கொட்டும் இடமாகப் பார்க்கும் பழக்கம். எந்தக் கட்சி ஆண்டாலும் இது மாறியதில்லை. அன்றைக்கு இந்தப் பேச்சாளரை உள்ளே விட யார் சொன்னது, எழுத்தில் சொன்னார்களா வாய்மொழியா, மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கு என்ன தெரியும் என்பதையெல்லாம் விசாரணை அறிக்கையாகப் பொதுமக்கள் முன் வைப்பதே பதில். இரண்டு பேரை லாரி ஏற்றி அனுப்புவது பதிலாகாது.

சட்டத்தில் குழப்பமே இல்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளின் கதை வேறு. அங்கே மாணவரின், சிறுவராயின் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் வழிபாட்டிலோ மதபோதனையிலோ உட்கார வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அரசுப் பள்ளிக்கோ சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காவி உடுத்தியவர், வெள்ளை அங்கி அணிந்தவர், தொப்பி போட்டவர் எவராயினும் பிரசங்கம் செய்யும் இடம் பள்ளி வாசலுக்கு வெளியே இருக்கிறது. அசோக் நகரில் நடந்ததை எதிர்ப்பவர்கள் வேறொரு மதத்தின் பிரசங்கத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வதும், அதை எதிர்ப்பவர்கள் இதற்கு வக்காலத்து வாங்குவதும் தினமும் நாம் பார்க்கும் கூத்து. இரு தரப்புக்கும் குழந்தை மேல் அக்கறை இல்லை.

பகுத்தறிவு பேசும் திமுக அரசும் கொஞ்சம் கண்ணாடி பார்த்துக்கொள்ள வேண்டும். அசோக் நகர் சம்பவத்துக்கு நாலு நாள் முன்னால், ஆகஸ்ட் 24, 25 தேதிகளில், பழநியில் அறநிலையத் துறை முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. கோயில்களின் கீழ் இயங்கும் கல்வி நிலைய மாணவர்களைக் கந்த சஷ்டிப் பாராயணத்தில் ஈடுபடுத்துவது அங்கே தீர்மானங்களில் ஒன்று. கோயில் நடத்தும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு என்று சட்டம் பேசலாம், வாதம் நிற்கவும் செய்யலாம். ஆனால் ஓர் அரசுத் துறை மாணவரைப் பாராயணத்துக்கு அழைக்கும் அதே வாரத்தில் இன்னொரு துறையின் தலைமை ஆசிரியருக்கு எல்லைக்கோடு எங்கே என்று தெரியவில்லை என்றால், அந்தக் குழப்பத்தில் அரசுக்கும் பங்கு உண்டு.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வாழ்க்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வெளியாள் எதற்கு? நீதிபோதனை பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத கதை நம் எல்லோருக்கும் தெரியும். அது போகட்டும். வாழ்வியல் திறன் கற்பிப்பதற்கென்றே இந்த அரசிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் வெட்கக்கேடு.

கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்பு வரை நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், தோட்டக்கலை, கணினி, அவற்றோடு வாழ்வியல் திறன். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். 2021இல் 10,000 ஆனது. 2024 தொடக்கத்தில் 12,500. பன்னிரண்டு ஆண்டுகளில் கூடியது 7,500 ரூபாய். அந்த ஆண்டுகளில் மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. மே மாதத்தில் வீட்டு வாடகை மட்டும் இருந்தது. முப்பது வயதில் சேர்ந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். இடையில் வேலையை விட்டவர்களும் இறந்தவர்களுமாக எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் குறைந்துவிட்டது. இவர்களைப் பணிநிரந்தரம் செய்வோம் என்பது 2021 தேர்தல் அறிக்கையில் திமுக கொடுத்த 181ஆவது வாக்குறுதி.

மாணவியோடு உட்கார்ந்து பேச, அவள் வரைந்ததைப் பார்க்க, பாடியதைக் கேட்க, மைதானத்தில் ஓட விட ஆள் வேண்டும். அந்த ஆளை அரைநாளில் வெளியே அனுப்பிவிட்டு, மீதி அரைநாளில் மைக் பிடிக்க இலவசமாக வருகிறேன் என்பவருக்குக் கேட்டைத் திறக்கிறோம். இலவசமாக வருகிறவர் சும்மா வருவதில்லை. அவருக்குக் காணொலி வேண்டும், கூட்டம் வேண்டும், சீடர்கள் வேண்டும். அசோக் நகர்ப் பேச்சும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றப்பட்டதால்தான் ஊருக்கே தெரிந்தது. படம் பிடிக்கப்படாமல் நடந்த உரைகள் எத்தனை என்று துறையிடம் கணக்கு இருக்கிறதா?

முழுநேர ஆசிரியர்கள் நிலை மட்டும் என்ன வாழ்கிறது? இடைநிலை ஆசிரியர்களில் 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், அன்றோ அதற்குப் பின்னோ சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் அப்போது கோடு கிழித்தார்கள். ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பு, ஒரே பாடப்புத்தகம். ஒரு நாள் இடைவெளிக்கு 3,170 ரூபாய். அடுத்த ஊதியக் குழு வந்தபோது இந்தப் பள்ளம் தூரவில்லை, ஆழமாயிற்று. இதைச் சரிசெய்வோம் என்பது 311ஆவது வாக்குறுதி. உண்ணாவிரதம் இருந்து ஆசிரியர்கள் மயங்கி விழுந்த பிறகு, 2023 ஜனவரியில் மூவர் குழு அமைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சென்னையில் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ள டிபிஐ வளாகத்தில் மீண்டும் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. குழு ஆசிரியர்களின் பேச்சைக் கேட்டது. அறிக்கை என்ன ஆனது?

2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களே தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளட்டும் என்று ஆணை போட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 12,000 ஆக உயர்த்தினார்கள். மறுபக்கம், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிய பல்லாயிரம் பேர், 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணையால் இன்னொரு நியமனத் தேர்வு எழுதக் காத்துக்கிடந்தார்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துவதில்லை என்று திண்ணையில் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தரம் இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. கற்றல் நிலையை அளக்கும் 2022 ஏசர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர்தான். கொரோனா மூடிய இரண்டு ஆண்டுகளின் காயம் அதில் உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டம் அதற்கு மருந்தாக வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தத் திட்டத்தை வகுப்பில் நடத்த வேண்டிய இடைநிலை ஆசிரியர், பாதி நாளை எமிஸ் எனும் கல்வித் தகவல் செயலியில் விவரம் ஏற்றியே கழிக்கிறார். வேலை செய்யாதவர் மேல் நடவடிக்கை எடுங்கள். வேலை செய்கிறவரைக் கணினிக் குமாஸ்தா ஆக்காதீர்கள்.

ஒன்றிய அரசையும் விட்டுவைக்க முடியாது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25க்கு ஒன்றியத்தின் பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக முதல் தவணையான 573 கோடியையே நிறுத்திவைத்தார்கள். பகுதிநேர ஆசிரியர் சம்பளம் இந்தத் திட்டத்தின் கணக்கில்தான் வருகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வைப்பதற்கு ஓவிய ஆசிரியரின் அடுப்பைப் பணயம் வைப்பது நிர்வாகம் அல்ல, மிரட்டல். அந்தத் தொகை நிபந்தனையின்றி விடுவிக்கப்பட வேண்டும். அதே சமயம், டெல்லி பணம் தரவில்லை என்ற காரணம் 2009இன் கோட்டுக்கும் பொருந்தாது, 2021இன் வாக்குறுதிக்கும் பொருந்தாது. வாக்குறுதி கொடுத்தபோது டெல்லியைக் கேட்டுக்கொண்டா கொடுத்தார்கள்?

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது இது. எந்த வெளியாளும் எழுத்துமூல அனுமதியும், பேசவிருக்கும் பொருளின் குறிப்பும் இன்றி மாணவர் முன் நிற்கக் கூடாது என்று ஆணை வர வேண்டும்; அனுமதி கொடுத்த அதிகாரியின் பெயர் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். மாணவர்களைப் படம் பிடித்து வெளியிடும் உரிமை எந்த அமைப்புக்கும் தரப்படக் கூடாது. அசோக் நகர், சைதாப்பேட்டை விசாரணை அறிக்கை வெளியாக வேண்டும். மூவர் குழுவின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களை முழுநேரமாக்கி, காலமுறை ஊதியமும் மே மாதச் சம்பளமும் தர வேண்டும். 181, 311 ஆகிய இரண்டு வாக்குறுதிகளுக்கும் எண் இருக்கிறது, தேதி இல்லை. அந்தத் தேதியை முதலமைச்சர் அறிவிக்கட்டும்.