மண்டபமும் மண்ணும்

லித்துவேனியாவின் தலைநகராகிய வில்னியஸ் நகரில், நேரிஸ் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய விளையாட்டு மாளிகையைப் பற்றி இத்திங்கள் சில சொற்கள் பகர விழைகிறோம்.

சோவியத் ஆட்சியில் 1971ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கான்கிரீட் மண்டபம் அது. அதன் கூரை இரும்பு வடங்களில் தொங்குகிறது. நடுவில் தூண் இல்லை. 4,000 பேருக்கு மேல் அமரலாம். பின்னர் விடுதலைக்குத் தலைமை தாங்கிய சாயுதிஸ் இயக்கத்தின் முதல் மாநாடு, 1988 அக்டோபரில் அங்கேதான் கூடிற்று. 1991 சனவரியில் சோவியத் படையால் மாண்டவர்களுக்கு மக்கள் அங்கேதான் இறுதி வணக்கம் செலுத்தினர். 2004இல் மண்டபம் மூடப்பட்டது.

ஆயினும், அந்நிலம் பன்னூறு ஆண்டுகள் யூதர்களின் இடுகாடாய் இருந்தது. கல்லறைகளை அழித்த பின்னரே மண்டபம் எழுந்தது. அதனை மாநாட்டுக் கூடமாக்க அரசு முனைந்தபோது, உலகெங்கும் யூதர் பலர் எதிர்த்தனர். கல் அகன்றும் நினைவு அகலவில்லை.

அன்பர்களே! நம் ஏலப்பாறைத் தேயிலை மலைகளிலும் முன்னோர் பலர் பெயர்க்கல் இன்றியே உறங்குகின்றனர். நாளை அங்கே எது எழுமோ, அறியோம். இல்லத்து முதியோரை இன்றே கேட்டு, யார் எங்கே அடக்கமாயினர் என ஏட்டில் குறித்து வைப்போமாக.