நற்குணக் கணக்கு

தன் குணத்தைத் தானே சோதிப்பதில் மனிதனுக்கு ஒரு சௌகரியமுண்டு: பரீக்ஷை வைப்பவனும் அவனே, எழுதுபவனும் அவனே. அமெரிக்க தேசத்துப் பெஞ்ஜமின் பிராங்க்ளினே இதற்குச் சாக்ஷி.

பாதிரியின் பிரசங்கத்தில் மதக்கொள்கை மிகுந்து சன்மார்க்க போதனை குறைந்ததென்று தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திய அவர், 13 நற்குணங்களை ஒரு சிறு புஸ்தகத்தில் வரைந்து, தவறிய தினங்களில் கரும்புள்ளி இட்டுவந்தார். அடக்கம் முதலில் ஜாபிதாவில் இல்லை. கர்வி என்று ஒரு சிநேகிதர் இடித்துரைத்த பிறகே சேர்ந்தது. கர்வத்தை ஜயித்தாலும் அந்த ஜயத்தைப் பற்றியே கர்வம் பிறக்குமென்று அவரே ஒப்புக்கொண்டார்.

உழைப்பு ஜாபிதாவில் 6-வது; நீதி 8-வது. ஆயினும் பின்னாளில் அவர் வீட்டில் அடிமைகள் உழைத்தார்கள். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. இதற்காக நீதியின் கட்டத்தில் புள்ளி விழுந்ததாக அவர் சுயசரிதையில் காணோம். ஊரார் அனைவரும் செய்யும் அநீதிக்கு எவர் புஸ்தகத்திலும் கட்டம் இராது. இதுவே மனுஷ சுபாவம்.

ஆகையால் புஸ்தகத்தை எறிந்துவிடலாமா? கூடாதென்பதே நமது அபிப்பிராயம். 1787-ல் பிராங்க்ளின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1790 பிப்ரவரியில், மரணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்கக் காங்கிரஸுக்கு விண்ணப்பமும் அனுப்பினார். புள்ளியிட்டதன் பலனே இது என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் 13-வது குணத்தை நினைப்பூட்டியவர் பிறர் என்பதை மறக்கலாகாது. பொதுக் காரியத்தில் இறங்குவோர் தம் புள்ளிகளைத் தாமே எண்ணட்டும். கட்டம் வரையுமுன், தமக்காக உழைப்பவனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.