தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதா?

கரோல் பாக்கில் நம்மவர் தங்கும் அறைகளின் அளவு உங்களுக்குத் தெரியும். அங்கே எதிரெதிரே அமர்ந்த இருவரிடையே நாலு முழம்கூட இராது. ஆயினும் ஒருவர் கணினியிலுள்ள பாடக் குறிப்பு மற்றவர் கணினிக்கு நேரே செல்வதில்லை. சுவரில் தொங்கும் வைஃபை பெட்டிக்குப் போய், அதே அலைவரிசையில் திரும்பி வருகிறது. அண்டை வீட்டுக்குக் குழம்பு கொடுக்க அஜ்மல் கான் சாலையைச் சுற்றி வருவார் உண்டோ?

இதில் யாருக்கு நட்டம் என்பர் சிலர். எல்லாருக்கும்தான்! 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே. மாடிக்கு மாடி பெட்டி வைத்திருக்கும் தெருவில் அம்மூன்றையும் பங்கிட்டாக வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பதே வைஃபையின் ஒழுங்கு. ஒன்றையே இருமுறை அனுப்புகிறவன் பிறர் நேரத்தை உண்கிறான்.

மருந்து இல்லாமலில்லை. 2010இல் வந்த 802.11z விதி, பெட்டியின் வழியே அறிமுகமாகிப் பின் நேரே பேச இடந்தந்தது. வைஃபை டைரக்ட்டும் அவ்வாண்டே வந்தது. 2015இல் வைஃபை அவேர்: அருகிலுள்ள கருவிகள் அரை நொடிக்கொரு முறை, ஏறத்தாழ 16 மில்லிநொடி மட்டும் ஒருங்கே விழித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உறங்கிவிடும். மின்கலமும் வீணாகாது. அறிவியல் மாணவன் என்ற முறையில் நான் மிகவும் வியந்த ஏற்பாடு இது.

பின் குறை எங்கே? ஒற்றுமையில்! ஆப்பிள் 2011இல் ஏர்டிராப் என்று தனிவழி கண்டது. கூகுளின் பிக்சல் 10 அதனோடு பேசத் தொடங்கியது 2025 நவம்பரில், பதினான்கு ஆண்டுகள்! இடையே நம் நாட்டில் பலரும் நம்பியிருந்தவை ஷேர்இட், ஜெண்டர் செயலிகள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அவையும் இருந்தன. அத்தடை சரியா, தவறா என்று இங்கே வாதிட வரவில்லை. தடுத்தவர்கள் பொதுவழி ஒன்றை வகுத்திருக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

மின்னேற்றும் முனை ஒன்றாகவே இருக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றி, 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு நடைமுறைப்படுத்தியது. கம்பிக்கு ஆகும் விதி அலைக்கு ஆகாதா? ஆண்டிராய்டு 8 முதலே வைஃபை அவேருக்கு இடமுண்டு, கட்டாயம் இல்லை. கட்டாயமில்லாததை மலிவுக் கைப்பேசியில் யார் வைப்பார்? இங்கே விற்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அது இருக்கவேண்டுமென நம் அரசு விதிக்கட்டும். உடையவர் ஒப்புதலின்றி எதுவும் உள்ளே நுழையலாகாது என்பதையும் அவ்விதியிலேயே எழுதட்டும்.