தீவை விற்றார்கள், தண்ணீரை யாரிடம் கேட்டார்கள்?

பழவேற்காட்டில் சுற்றுலா வரப்போகிறது, விடுதி வரப்போகிறது, வேலை வரப்போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழும். கொஞ்ச நாள் ஓடும். பிறகு அடங்கும். அடுத்த ஆட்சியில் வேறு பெயரில் மறுபடி எழும்.

சுற்றுலாவை நாம் எதிர்க்கவில்லை. வெளியூர்க்காரர் நாலு பேர் வந்து, ஏரியையும் பூநாரையையும் பார்த்து, கரையில் மீன் வாங்கிச் சாப்பிட்டுப் போனால் ஏழை வீட்டில் அடுப்பு எரியும். அது நல்லதுதான். நாம் கேட்பது வேறு கேள்வி. விடுதி கட்ட வருகிறவர் நஷ்டப்பட்டால் என்ன ஆகும்? அவர் வாங்கிய தீவு யாருக்குப் போகும்? இந்தக் கேள்வியைத் திட்டம் போடுகிறவர்களும் கேட்பதில்லை, ஊர்க்கூட்டத்தில் கை தூக்குகிற நம்மவர்களும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்ட ஊர்களில் என்ன நடந்தது என்று வாசகர்கள் அறிய வேண்டும்.

பங்காரத்தில் நடந்தது

லட்சத்தீவில் பங்காரம் என்று ஒரு தீவு உண்டு. நிரந்தரக் குடியிருப்பு இல்லாத சிறு தீவு. 1987 டிசம்பர் கடைசியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி குடும்பத்தோடு விடுமுறையைக் கழித்ததால் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். அந்தத் தீவில் ஒரு தனியார் ஓட்டல் நிறுவனம் குத்தகைக்கு விடுதி நடத்தியது. வெளிநாட்டார் வந்தார்கள், பேரும் புகழும் கிடைத்தது. குத்தகைக் காலம் முடிந்தது. வழக்கு நடந்தது. விடுதி மூடப்பட்டது.

மூடியபின் தீவு அக்கத்தி மீனவனுக்கா திரும்பியது? இல்லை. 2021 ஆகஸ்டில் மினிக்காய், சுஹேலி, கடமத் ஆகிய மூன்று தீவுகளில் 370 வில்லாக்கள் கட்ட 806 கோடி ரூபாய்க்கு ஏல அழைப்பு வந்தது. 2023 ஜனவரியில் சுஹேலியிலும் கடமத்திலும் தாஜ் விடுதிகள் என்று டாட்டா குழுமத்தின் ஓட்டல் நிறுவனம் அறிவித்தது. பங்காரத்துக்கும் பக்கத்துத் தின்னகரைக்கும் கூடார விடுதிகள் என்று இன்னொரு நிறுவனம் வந்து சேர்ந்தது. ஒரு தீவில் ஒரு விடுதி மூடியது. அதன்பின் தீவு தீவாகத் திட்டம் வந்தது!

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே 2021ஆம் ஆண்டில்தான், வலையும் சாமானும் வைக்க மீனவர்கள் கடற்கரையில் போட்டிருந்த கொட்டகைகள் சட்டவிரோதம் என்று சொல்லி நிர்வாகத்தால் இடித்துத் தள்ளப்பட்டன. மீனவனின் ஓலைக் கொட்டகை கடற்கரைக்கு ஆபத்தாம். தண்ணீருக்குள் கால் நட்டு நிற்கும் வில்லா முன்னேற்றமாம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. சுஹேலி யாரும் குடியிருக்காத தீவுதான். ஆனால் கவரத்தி மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் போய்த் தங்கித் தொழில் செய்யும் தீவு அது. குடியில்லாத தீவு என்பதற்கு உரிமையாளன் இல்லாத தீவு என்று பொருள் அல்ல.

கற்பிட்டி மக்களின் கதி

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டி இருக்கிறது. பழவேற்காட்டைப் போலவே ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழும் மண். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து ஒதுங்கியதும் இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான்.

அங்கே 14 தீவுகளைச் சேர்த்து ஒரு மாபெரும் சுற்றுலாத் திட்டத்தை இலங்கை அரசு அறிவித்தது. சுமார் 5,000 அறைகள், விமானத்தளம் என்று வரைபடம் விரிந்தது. தீவுகள் முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. மீனவர்கள் படகு கட்டுமிடத்துக்குப் போகும் பாதைகளில் வேலி விழுந்தது. பாட்டன் காலம் தொட்டு இருக்கிறோம் என்றார்கள். உறுதி எங்கே, பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். பலரிடம் பத்திரம் இல்லை.

சொன்னபடி ஓட்டல்கள் எழுந்தனவா? பெரும்பாலானவை எழவில்லை. முதலீட்டாளர் வந்தார், போனார். ஆனால் தீவுகள் அரசின் பட்டியலிலிருந்து நீங்கவில்லை. ஒருவர் கைவிட்டால் அடுத்தவரைத் தேடுவதுதான் வழக்கமாயிற்று. திட்டம் தோற்றபின்னும் வேலி நிற்கிறது என்பதுதான் இதில் கொடுமை. லாபம் வந்தால் முதலாளிக்கு. நஷ்டம் வந்தால் மட்டும் அது மீனவன் தலையில்!

நெடியதுருத்தில் ஏன் வேறு முடிவு?

இனி மூன்றாவது ஊருக்கு வருவோம். கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலுக்குள் நெடியதுருத்து என்ற தீவு இருக்கிறது. அங்கே ஒரு நிறுவனம் நிலம் வாங்கி 54 வில்லாக்களோடு ஆடம்பர விடுதி எழுப்பியது. தனியாரிடம் வாங்கிய நிலம் என்றார்கள். பாணாவள்ளி ஊராட்சியின் அனுமதி இருக்கிறது என்றார்கள். பணம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள்.

எதிரே நின்றவர்களில் காயலில் கழி நட்டு வலை கட்டுகிற மீனவர்களும் உண்டு. அந்த வலைக்கு மலையாளத்தில் ஊன்னிவல என்று பெயர். அந்த இடத்தில் வலை கட்ட அவர்கள் பெயரில் அரசாங்கப் பதிவு இருந்தது. விடுதிக்காரர் தொழிலிடத்தை அழிக்கிறார் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் விடுதியை இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் நாரிமன், ராமசுப்பிரமணியன் அமர்வில், அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது.

கட்டடம் வீழ்ந்தது கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியதால்தான். அதில் ஐயமில்லை. ஆனால் விதி தானாகவா வந்து நின்றது? அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்க ஒரு மனிதன் வேண்டியிருந்தது. "உனக்கென்ன இதில் பாத்தியதை?" என்று அவனைக் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. நெடியதுருத்து மீனவனிடம் அந்தத் தாள் இருந்தது. கற்பிட்டி மீனவனிடம் இல்லை.

வாசகர்களே, நாம் சொல்ல வந்த செய்தி இதுதான்.

பாடு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இப்போது நம் ஏரிக்கு வருவோம். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில். டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தை ஆண்ட இடம். நம் முன்னோர் கட்டிய பள்ளிவாசல்களும், கீழைநாடுகள்வரை போன பளையக்காட்டுக் கைலியும் இந்த ஊரின் பழம்பெருமையைச் சொல்லும்.

இந்த ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற முறை தீர்மானிக்கிறது. நல்ல மீன்பாடு உள்ள இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவனே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கும் இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து படித்துப் பாராட்டிப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடு எந்த அரசுப் பதிவேட்டில் இருக்கிறது? ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது, ஊர்க்கணக்கு நோட்டில் இருக்கிறது. வருவாய்த்துறைக்கு இது தண்ணீர். வனத்துறைக்கு இது பறவைகள் சரணாலயம். தொழில்துறைக்கு இது துறைமுகத்துக்குப் பக்கத்து நிலம். மீனவனின் பாடு மட்டும் எந்த ஏட்டிலும் உரிமையாக ஏறவில்லை.

ஏறாததன் விளைவை இந்தக் கரை முன்பே அனுபவித்துவிட்டது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது தீவு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏரிக்குத் தெற்கே, ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் மறுபக்கம் கடலுமாக நீண்டு கிடக்கும் காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாறியது. அந்தத் துறைமுகத்தை எல் அண்ட் டி கட்டியது. 2018ல் 97 சதவீதப் பங்கை 1,950 கோடி ரூபாய் மதிப்பில் அதானி குழுமம் வாங்கியது. வாங்கியவர் இருந்ததை நடத்துவதோடு நிற்கவில்லை. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கை 320 மில்லியன் டன்னாக்க, 6,110 ஏக்கரில் விரிவாக்கம் என்று திட்டம் வந்தது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிப்போயின. சொத்து கைமாறும்போது திட்டம் பெருக்கும் என்பதற்கு நம் கண்முன்னே உள்ள சான்று இது. துறைமுகத்துக்கு நடந்தது விடுதிக்கு நடக்காதா?

நீதிமன்றம் காக்கும் என்று மட்டும் உட்கார்ந்திருக்கவும் முடியாது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம். 2005ல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பின் பலத்தைக் குறைத்தது. தீவுகளின் கதையும் அப்படித்தான். கேரளக் காயல் தீவுகளில் கரையிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று 2011 விதி சொன்னது. 2019 ஜனவரியில் வந்த புதிய விதி, காயல் தீவுகளுக்கும் கரையோரத் தீவுகளுக்கும் அதை 20 மீட்டர் என்று சுருக்கிவிட்டது. நெடியதுருத்தில் இடித்தது ஒரு கை; அடுத்தவன் கட்ட வழி திறந்தது மறு கை!

நம் குறையும் உண்டு

ஆட்சியாளர்களை மட்டும் சாடிவிட்டு நம் பக்கத்துக் குறையை மறைப்பது நேர்மை ஆகாது. பாடு முறையில் இடமுள்ள கிராமங்கள் உண்டு, இடமில்லாத கிராமங்களும் உண்டு. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு எந்தப் பட்டியலில் இடம்? பாட்டுக்கு வெளியே நின்று தொழில் செய்யும் தலித் மீனவருக்கும், நம் சமுதாயத்து மீனவருக்கும் என்ன ஏற்பாடு? இந்தத் தகராறில் ஊருக்கும் ஊருக்கும் பகை மூண்டதுண்டு. கரை இரண்டாகப் பிளந்து கிடந்தால் வாங்க வருகிறவனுக்கு வேலை சுலபம். ஒரு குப்பத்துக்குச் சாலை, இன்னொரு குப்பத்துக்குச் சமுதாயக் கூடம் என்று கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவான்.

சுற்றுலா என்றால் என்ன என்பதையும் இந்தக் கரை கண்ணீரோடு அறியும். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பாதுகாப்பான படகு, உயிர்காப்புச் சட்டை, பயிற்சி, உரிமம் என்று மீனவனுக்கே அந்தத் தொழிலை முறைப்படுத்திக் கொடுத்திருக்கலாம். தடை போடுவது எளிது. ஏழைக்கு முறை செய்து கொடுப்பதுதான் சிரமம் போலும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

1. பழவேற்காடு ஏரியில் பாடு உள்ள இடங்கள், பாடு இல்லாதோர் தொழில் செய்யும் இடங்கள், வலை உலர்த்தும் மேடு, படகு கட்டும் துறை, மீன் காயவைக்கும் மணல் ஆகிய அனைத்தையும் மீன்வளத்துறை கிராமம் கிராமமாக அளந்து பதிவு செய்ய வேண்டும்.

2. கடலோர மேலாண்மை வரைபடத்தில் அவை இடம்பெற வேண்டும். 2023ல் வரைவு வரைபடம் வந்தபோது மீனவ ஊர்களும் தொழிலிடங்களும் விடுபட்டிருப்பதாகக் கரையெங்கும் குரல் எழுந்ததை அரசு மறக்கக் கூடாது.

3. தீவு நிலமோ கரை நிலமோ குத்தகைக்கு விடப்பட்டால், திட்டம் தோற்றால் நிலம் ஊருக்கே திரும்பும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் ஆளுக்கு விற்க அனுமதி கூடாது.

4. சுற்றுலாப் படகும் தங்கும் வீடும் உள்ளூர்க் கூட்டுறவுகளுக்கே முதலில் தரப்பட வேண்டும். பனை ஓலைப் பின்னலில் பேர் வாங்கிய நம் பழவேற்காட்டுப் பெண்களுக்கும் அதில் பங்கு வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜமாஅத்தும், குப்பத்துப் பஞ்சாயத்தும், மாதா கோயில் பங்கும், இருளர் குடியிருப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து முதலில் தங்களுக்குள் பேசித் தீர்க்கட்டும். யாருக்கு எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, கிராமசபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்கட்டும். நாளை யாராவது தீவை வாங்கிக்கொண்டு வந்து நின்றால், "தண்ணீரை யாரிடம் கேட்டாய்?" என்று கேட்கிறவன் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

விலை பேச ஆள் வந்தபின் எழுத உட்கார்ந்தால் நேரம் இருக்காது. சமுதாயப் பெரியவர்கள் வரும் ஜும்ஆவுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும் என்று அன்போடு வேண்டுகிறோம்.