எவருக்கு மிச்சம்?

யப்பானில் 2009ஆம் ஆண்டு முதல் 'எனே-பார்ம்' என்னும் பெயரில் வீட்டு எரிபொருட்கலம் விற்கப்பட்டு வருகிறது. குழாய்வழி வரும் எரிவாயுவைக் கொண்டு மின்சாரமும் வெந்நீரும் ஒருங்கே தரும் பெட்டி அது. ஐதரசனும் ஒட்சிசனும் கூடுகின்றன, வெளிவருவது நீர் மட்டுமே என்று எரிபொருட்கலத்தின் புகழ் பாடப்படுகிறது. இப்புகழுரையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

அந்த ஐதரசன் எங்கிருந்து வந்தது? இயற்கை வாயுவிலுள்ள மெதேனை நீராவியுடன் தாக்கமுறச் செய்தே அது பெறப்படுகிறது. மெதேனின் காபன் மறைந்துவிடுவதில்லை. அடுப்பில் எரித்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு எழுமோ, அவ்வளவும் அதே பெட்டியிலிருந்து வெளியேறுகிறது.

அங்ஙனமாயின் மிச்சம் என்பது முழுப் பொய்யா? அன்று. நிலக்கரி மின்னிலையம் எரிபொருளின் சக்தியிற் பாதிக்கு மேற்பட்டதைக் கடலுக்கும் காற்றுக்கும் வீணே கொடுக்கிறது. வீட்டுக் கலமோ மின்னாக்கத்தின்போது எழும் வெப்பத்தையும் நீரிற் சேமிக்கிறது. மிச்சத்தின் உயிர்நிலை இவ்வெப்பமே. வெந்நீருக்குத் தேவையில்லாத இடத்தில் மிச்சமும் இல்லை.

வீடொன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.3 தொன் காபனீரொட்சைட்டு குறைகிறது என்கின்றனர். எதனோடு ஒப்பிட்டு? வெப்ப மின்னிலையங்களின் மின்சாரத்தோடு! சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இக்கணக்கு நில்லாது. நாட்டின் மின்சாரம் தூய்மையடையுந்தோறும் மிச்சம் சுருங்கும். வாயுக் கம்பனியின் குழாயோ வீட்டோடு பிணைந்தே கிடக்கும்.

பயன் பெற்றோர் யாவர்? தொடக்கத்தில் ஒரு பெட்டியின் விலை 30 இலட்சம் யென்னுக்கு மேல். அரசு 14 இலட்சம் யென் வரை பொதுப்பணத்திலிருந்து உதவியது. சொந்த வீடுடையோரே பெரும்பாலும் அதனைப் பெற்றனர். வாடகை அறையில் வாழும் தொழிலாளி வரியிற் பங்கு கொடுத்தான். வெந்நீரிற் பங்கு பெற்றானில்லை. 2020ஆம் ஆண்டுக்குள் 14 இலட்சம் கலங்கள் என்ற அரசின் இலக்கில் மூன்றிலொரு பங்குகூட அவ்வாண்டில் நிறைவேறவில்லை.

நாம் இயந்திரத்தின் எதிரிகள் அல்லர். 1839இல் வில்லியம் குரோவ் கண்ட இத்தத்துவம் மனித குலத்தின் பொதுச்சொத்து. பொதுப்பணம் செல்வதாயின், இரவும் பகலும் வெந்நீர் வேண்டி நிற்கும் மருத்துவமனைகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அது முதலிற் செல்லட்டும். மிச்சமென்று கூறப்படும் ஒவ்வொரு தொன்னையும் நோக்கி, எதனினும் மிச்சம், எவருக்கு மிச்சம் என்ற இரு வினாக்களையும் நாம் எழுப்பியே ஆகவேண்டும்.